கலக்முல் மாயா நகரத்துக்கு ஒரு நாள் பயணம்: கைடோடு போய்வர ஒரு வழிகாட்டி

பழங்கால மாயா மக்களின் நகரமான கலக்முல் இன்று இடிபாடுகளாக மெக்சிகோவின் காம்பெச்சே மாநிலத்தில், குவாத்தமாலா எல்லைக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வடக்கே, அடர்காட்டுக்குள் இருக்கிறது. நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பியபின் 60 கிலோமீட்டர் காட்டுச் சாலை. அதில் பெட்ரோல் பங்க் கிடையாது, போன் சிக்னல் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. போய்ப் பார்க்க முடியாமல் திரும்புகிறவர்களும், பாதி பார்த்துவிட்டு அலுத்துத் திரும்புகிறவர்களும் பெரும்பாலும் முந்தைய நாளே கோட்டை விட்டவர்கள்: தவறான ஊரில் ரூம் போட்டிருப்பார்கள், கடிகாரத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள், சில்லறை இல்லாமல் கவுண்டரில் நிற்பார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றித்தான்.

1. தங்கும் ஊரைச் சரியாகப் பிடியுங்கள்

முதல் குழப்பம் பெயரிலேயே தொடங்கும். இடிபாடுகளுக்கும் கலக்முல் என்றுதான் பெயர், சுற்றியுள்ள நகராட்சிப் பகுதிக்கும் அதே பெயர், இந்தப் பக்கம் ஓடும் மாயா ரயிலின் ஒரு ஸ்டேஷனுக்கும் அதே பெயர். ‘கலக்முல்’ ஸ்டேஷனில் இறங்கினால் நீங்கள் நிற்பது நெடுஞ்சாலை ஓரத்துக் கொனுவாஸ் கிராமத்துப் பக்கம். இடிபாடுகள் அங்கிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். ஹோட்டல் தளங்களில் ‘கலக்முல்’ என்று போட்டால் வரும் விடுதிகளில் பெரும்பாலானவை ஷ்புஹில் ஊரிலோ அந்த நெடுஞ்சாலையை ஒட்டியோ இருப்பவை. வரைபடத்தில் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்க்காமல் காசு கட்டாதீர்கள்.

தங்கச் சரியான ஊர் ஷ்புஹில். எஸ்கார்செகா–செதுமால் நெடுஞ்சாலை 186-இல் இருக்கிறது. பார்க்க அழகான ஊர் ஒன்றுமில்லை. லாரிகள் போகும் ஒரே பெரிய தெரு, அதன் இருபுறமும் கடைகள். ஆனால் பஸ் நிலையம், மருந்துக்கடை, பெட்ரோல், கைடுகள் எல்லாம் அங்கேதான். அங்கிருந்து கொனுவாஸ் திருப்பம் சுமார் 55 கிலோமீட்டர், திருப்பத்திலிருந்து 60 கிலோமீட்டர். ஒரு வழிக்கு இரண்டேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொனுவாஸ் பக்கமே சில விடுதிகள் உண்டு. அங்கே தங்கினால் காலையில் முக்கால் மணி நேரத் தூக்கம் மிச்சம், ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குக் கடை தேட வேண்டியிருக்கும்.

பக்கத்துக் கின்தானா ரூ மாநிலத்தின் பகலார் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்வரும் டூர்கள் நிறைய விற்கிறார்கள். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி ஏற வேண்டும். முடியும், ஆனால் காட்டை அனுபவிக்கும் தெம்பு இருக்காது. காம்பெச்சே நகரத்திலிருந்தும் ஏறத்தாழ அதே கதைதான். கான்கூனிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து ‘ஒரு நாள் கலக்முல்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

ஷ்புஹிலுக்கு ஏ.டி.ஓ. நிறுவனத்தின் பஸ் வருகிறது. கான்கூன், செதுமால் பக்கமிருந்தும் எஸ்கார்செகா பக்கமிருந்தும் உண்டு. எண்ணிக்கை குறைவு, வந்து சேரும் நேரமும் வசதியாக இருக்காது. அதனால் டூருக்கு முந்தைய நாள் மாலைக்குள் வந்து சேர்வதுபோல் டிக்கெட் போடுங்கள். ரயிலில் வந்தால் ஷ்புஹில் ஸ்டேஷனில் இறங்கி ஊருக்குள் டாக்சி பிடிக்க வேண்டும்.

2. பாஸ்போர்ட், விசா, நுழைவு முத்திரை

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மெக்சிகோ விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் செல்லுபடியான விசாவோ நிரந்தரக் குடியிருப்பு அட்டையோ கையில் இருந்தால் தனி மெக்சிகோ விசா தேவையில்லை. பலமுறை நுழையும் விசாவாக, மெக்சிகோவில் இருக்கும் நாள் முழுக்கச் செல்லுபடியாக இருந்தால் கேள்வி வராது. விசா பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தால் இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். அமெரிக்கா வழியாக விமானம் மாறுகிறவர்களுக்கு எப்படியும் அமெரிக்க விசா வேண்டும் என்பதால் இந்தச் சலுகை தானாகவே கிடைத்துவிடும். மலேசிய, சிங்கப்பூர், கனடியப் பாஸ்போர்ட்காரர்களுக்குச் சுற்றுலாவுக்கு விசா வேண்டாம்.

விமான நிலையத்தில் முத்திரை குத்தும்போது எத்தனை நாள் அனுமதி என்று அதிகாரி பாஸ்போர்ட்டில் குறிப்பார். 180 நாள் உச்சவரம்பு. ஆனால் எல்லாருக்கும் 180 எழுதுவதில்லை. கவுண்டரை விட்டு நகரும் முன் அந்த எண்ணைப் படித்துவிடுங்கள். சில நுழைவிடங்களில் தாள் சீட்டு கொடுப்பார்கள். கொடுத்தால் பத்திரமாக வையுங்கள், வெளியேறும்போது கேட்பார்கள்.

இதெல்லாம் ஒரு நாள் டூருக்கு எதற்கு என்று கேட்கலாம். நெடுஞ்சாலை 186 பெலீஸ், குவாத்தமாலா எல்லைகளுக்கு அருகில் ஓடுகிறது. குடிவரவுத் துறையும் ராணுவமும் அங்கே வண்டிகளை நிறுத்திச் சோதிப்பது வழக்கம். போனில் இருக்கும் பாஸ்போர்ட் படம் போதாது. அசலே கையில் இருக்க வேண்டும். ஹோட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வந்தால் வண்டியில் இருக்கும் அத்தனை பேரும் உங்களுக்காகக் காத்துக் கிடக்க நேரிடும். தண்ணீர் புகாத ஜிப் கவரில் போட்டு, உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள்.

3. கைடைப் பேசி முடிப்பது

கலக்முலில் கைடு கட்டாயமில்லை. வாடகைக் கார் ஓட்டிப் போகிறவர்கள் தாராளமாகத் தனியாகப் போகலாம். காரில்லாதவர்களுக்கு டூர்தான் வழி. கார் இருந்தாலும் காட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நாள் வேறு மாதிரி இருக்கும். குரங்கு எந்த மரத்தில் இருக்கிறது, எந்த மரத்தைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் பலகைகள் சொல்லாது.

பேச்சு வார்த்தை முழுக்க வாட்ஸ்அப்பில், ஸ்பானிய மொழியில்தான் நடக்கும். மொழிபெயர்ப்புச் செயலி போதும். ஆங்கிலம் பேசும் கைடுகள் குறைவு, கட்டணமும் கூடுதல். டிசம்பர் விடுமுறையிலும் ஈஸ்டர் வாரத்திலும் வாரக்கணக்கில் முன்பே சொல்லிவைக்காவிட்டால் கிடைக்க மாட்டார்கள்.

பணம் அனுப்பும் முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்:

– மூன்று நுழைவுக் கட்டணங்களும் விலைக்குள் அடங்குமா? (அடுத்த பகுதியைப் பாருங்கள்.)
– வருபவர் கைடா, வெறும் டிரைவரா? கைடுக்கு மெக்சிகோ சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை இருக்கிறதா?
– கிளம்பும் நேரம் எந்த மாநிலத்து நேரம்?
– வண்டி இடிபாட்டு வாசல் வரை போகுமா, வழியில் அருங்காட்சியகத்தில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவார்களா?
– இடிபாடுகளுக்குள் எத்தனை மணி நேரம்?
– இடம் மூடப்பட்டால் முன்பணம் திரும்புமா?

இரண்டாவது கேள்வியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ‘டூர்’ என்று விற்கப்படுவதில் பாதி வெறும் வண்டி வாடகைதான். வாசலில் இறக்கிவிட்டு, டிரைவர் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்வார். அதற்கேற்ற விலையில் கொடுத்தால் அதிலும் தவறில்லை. கைடு விலை வாங்கிக்கொண்டு டிரைவரை அனுப்பினால்தான் தகராறு. கலாசார இடங்களுக்கான கைடு, இயற்கைச் சுற்றுலா கைடு என்று மெக்சிகோவில் உரிமம் இருவகை. கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயரும் செல்லுபடித் தேதியும் இருக்கும். அட்டையின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. முறையான கைடு கேட்காமலே அனுப்புவார்.

ஐந்தாவது கேள்வியும் முக்கியம். மூன்று மணி நேரத்துக்குக் குறைந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாலு இருந்தால் நிம்மதி.

விலை பெரும்பாலும் வண்டிக்குத்தான், தலைக்கு அல்ல. இரண்டு பேர் போனாலும் நான்கு பேர் போனாலும் டீசலும் கைடின் நாளும் ஒன்றே. தனியாக வருகிறவர்கள் ஹோட்டல் வரவேற்பில் முந்தைய நாள் மாலையே விசாரித்தால், பங்கு போட யாராவது கிடைப்பார்கள்.

4. மூன்று கவுண்டர், மூன்று சீட்டு

ஒரே டிக்கெட் என்று நினைத்து வருகிறவர்கள் திகைத்துப் போகும் இடம் இது. ஒரே பாதையில் மூன்று தரப்புக்குத் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

நெடுஞ்சாலையிலிருந்து திரும்பிய உடனே கொனுவாஸ் கிராமச் சமூகத்தின் தடுப்புக் கம்பம். அந்த நிலம் அவர்களுடைய கூட்டு உடைமை. இங்கே முதல் சீட்டு. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, அருங்காட்சியகத்தை ஒட்டி, உயிர்க்கோளக் காப்பகத்துக்கான கட்டணம். இதற்குக் கையில் கட்டும் பட்டை தருவார்கள். நாள் முடியும் வரை கழற்றாதீர்கள். கடைசியில் இடிபாட்டு வாசலில் தேசியத் தொல்லியல் நிறுவனமான இனாவின் டிக்கெட்.

மூன்று கட்டணமும் அவ்வப்போது ஏறும்; இனா ஆண்டு தொடக்கத்தில் மாற்றும். பழைய பயணக் குறிப்புகளில் உள்ள தொகையை நம்பி எண்ணிவைத்துக்கொண்டு போகாதீர்கள். மூன்றும் சேர்த்துச் சில நூறு பெசோ ஆகும். கட்டணம் டூர் விலையில் அடங்காதவர்கள் தலைக்கு 800 பெசோவை இதற்கென்று தனியாக வைத்துக்கொண்டால் மிச்சம் வரும், குறையாது. ஞாயிற்றுக்கிழமை இலவசம் என்று எங்காவது படித்திருந்தால், அது மெக்சிகோ குடிமக்களுக்கும் அங்கே குடியிருக்கும் அட்டை வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்.

எல்லாம் ரொக்கம். கார்டு இயந்திரம் இருந்தாலும் சிக்னல் இல்லாத காட்டில் அதை நம்பக்கூடாது. 500 பெசோ தாளை நீட்டினால் காலை ஏழு மணிக்கு எந்தக் கவுண்டரிலும் சில்லறை இருக்காது. 50, 100, 200 தாள்களாக வையுங்கள். ஷ்புஹிலில் ஏ.டி.எம். உண்டு. ஆனால் மெக்சிகோவில் மாதம் இருமுறை சம்பளம்: 15-ஆம் தேதியும் மாதக் கடைசியும். அந்த நாட்களில் வரிசை தெருவுக்கு வரும், பணமும் தீர்ந்துபோகும். செதுமாலிலோ காம்பெச்சேயிலோ இருக்கும்போதே எடுத்து வந்துவிடுங்கள். கைடுக்கு நாள் முடிவில் பத்து சதவீதம் போல் அன்பளிப்பு தருவது வழக்கம். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. கடிகாரம்

பகலாரும் செதுமாலும் கின்தானா ரூ மாநிலத்தில் இருக்கின்றன. ஷ்புஹிலும் கலக்முலும் காம்பெச்சேயில். கின்தானா ரூ நேரம் காம்பெச்சேயைவிட ஒரு மணி நேரம் முந்தியது, ஆண்டு முழுக்க. பகலாரில் காலை ஆறு என்றால் ஷ்புஹிலில் ஐந்து.

ஷ்புஹிலில் தங்கினால் இதில் சிக்கல் இல்லை. பகலாரிலிருந்து தாங்களே ஓட்டி வந்து கொனுவாஸில் கைடைச் சந்திக்கிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து நிற்பார்கள், அது பரவாயில்லை. திரும்பும்போதுதான் வினை. இரவு ஒன்பது மணிக்கு செதுமாலில் பஸ் என்றால், ஷ்புஹில் கடிகாரத்தில் அது எட்டு மணி. மாநில எல்லையை ஒட்டிய ஊர்களில் போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். தானியங்கி நேர மாற்றத்தை அணைத்து, காம்பெச்சே நேரத்தைக் கையால் வைத்துவிடுங்கள்.

6. பையில் என்ன

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும், அப்போது நான்கு. இடிபாட்டு வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். குப்பைத் தொட்டியையும் எதிர்பார்க்காதீர்கள். கொண்டுபோனதெல்லாம் உங்களோடு திரும்பி வர வேண்டும்.

கால் மூடிய, பிடிமானமுள்ள ஷூ. செருப்போடு வரும் கூட்டம் எப்போதும் உண்டு. அவர்களுக்குக் கல் படிகளில் சிரமம், காட்டுப் பாதையில் ஆபத்து. விஷப்பாம்புகள் உள்ள காடு இது. முழுக்கால் பேன்ட், முழுக்கைச் சட்டை, கொசு மருந்து. வறண்ட மாதங்களில் கொசு குறையும், உண்ணி கூடும். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டால் பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், மாலையில் கணுக்காலில் உண்ணி பொறுக்க வேண்டியிருக்காது. டிசம்பர், ஜனவரி விடியலில் குளிரும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று போதும்.

சாப்பாடு பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், குறிப்பாகச் சைவர்களுக்கு. டூரில் தரும் மதிய உணவு அநேகமாக ஹாம் வைத்த சாண்ட்விச். ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழியும் ஹாமும் அதில் சேராது என்று நினைத்துப் போட்டுக் கொடுப்பார்கள். ‘சின் கார்னே, சின் போயோ, சின் ஹமோன்’ என்று மூன்றையும் சொல்லுங்கள். மசித்த பீன்ஸ் சைவம் போலத் தெரியும். பல கடைகளில் அது பன்றிக் கொழுப்பில் தாளித்தது. ‘சின் மன்தேகா’ என்று கேட்க வேண்டும். எதற்கு வம்பு என்றால் முந்தைய மாலை ஷ்புஹில் கடையில் வாழைப்பழம், அவகாடோ, சோள தோர்த்தியா ரொட்டி, எலுமிச்சை, உப்பு, வறுத்த கடலை வாங்கிவிடுங்கள். வெயிலில் கெடாது, வயிறும் கேட்கும். காலை ஐந்து மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது.

ட்ரோனை எடுத்து வராதீர்கள். இனாவின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. முக்காலிக்கும் தனி அனுமதி வேண்டும். போன், சாதாரணக் கேமரா பிரச்சினையில்லை. பறவை பார்க்க பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுங்கள்.

7. அந்த 60 கிலோமீட்டர்

ஷ்புஹிலில் காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறேகால், ஆறரைக்குக் கொனுவாஸ் தடுப்பு. இடிபாட்டு வாசல் எட்டு மணிக்குத் திறக்கும்போது அங்கே நிற்கலாம். அரை மணி தாமதமாகப் போனால் என்ன என்று தோன்றும். வெயிலுக்கு முன் கிடைக்கும் அந்த அரை மணிதான் அன்றைய நாளில் சிறந்தது.

சாலை தார் போட்டது, குறுகலானது. காலையில் அதன் நடுவே கண்புள்ளி வான்கோழிகள் கூட்டமாக நிற்கும். யுகடான் தீபகற்பத்தில் மட்டுமே வாழும் பறவை. வாலில் மயிலுக்கு இருப்பதுபோல் நீலக் கண்கள், தலையில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள். வண்டி வந்தாலும் அவசரப்பட்டு ஒதுங்காது. வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும். நல்ல டிரைவர் இந்தச் சாலைக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்விடுகிறேன் என்பவரிடம் நிதானமாகப் போகச் சொல்லுங்கள். ஜாகுவார் வாழும் காடுதான், ஆனால் பார்க்கக் கிடைப்பது மிக அரிது. அதைக் காட்டுவதாக வாக்குக் கொடுக்கும் டூரை நம்ப வேண்டாம்.

தானே ஓட்டுகிறவர்கள் ஷ்புஹிலிலோ எஸ்கார்செகாவிலோ டாங்கை நிரப்பிவிட்டு வாருங்கள். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போய்த் திரும்ப மட்டும் 120 கிலோமீட்டர். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று வாடகைக் கடையிலேயே பாருங்கள். நடுவழியில் பஞ்சர் ஆனால் உதவிக்குக் கூப்பிடச் சிக்னல் இல்லை.

கழிவறை அருங்காட்சியகத்திலும் இடிபாட்டு வாசலிலும் உண்டு. வாசலைத் தாண்டிவிட்டால் பல மணி நேரத்துக்கு இல்லை.

8. உள்ளே நடப்பது

டிக்கெட் வாசலிலிருந்து முதல் பெரிய கட்டடங்களுக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் மரநிழலில் நடை. குறுகியது, நடுத்தரம், நீளம் என்று பாதைகள் பிரியும். எல்லாவற்றையும் சுற்றினால் ஆறேழு கிலோமீட்டர் ஆகும், ஏறி இறங்குவது தனி. சிறுவர்களோடும் முழங்கால் வலிக்காரர்களோடும் வருகிறவர்கள் நேராகப் பெரிய சதுக்கத்துக்குப் போய், அங்கிருந்து வந்த வழியே திரும்பினால் போதும். முக்கியமானது எல்லாம் அங்கேதான்.

பெரும்பாலான கைடுகள் வழியில் உள்ள சின்னக் கட்டடங்களை வரிசையாகக் காட்டிக்கொண்டே போய், பத்தரை, பதினொன்றுக்குக் கட்டடம் 2 எனப்படும் பெரிய பிரமிடுக்குக் கூட்டிப் போவார்கள். நீங்கள் அதைத் தலைகீழாகக் கேளுங்கள். முதலில் கட்டடம் 2. உயரம் 45 மீட்டருக்கு மேல், அடித்தளம் ஒரு பக்கம் 120 மீட்டர் போல. எட்டரை மணிக்குப் படிகள் நிழலில் குளிர்ந்திருக்கும். பதினொன்றுக்குக் கை வைக்க முடியாது. கீழிருந்து பார்க்கையில் உச்சி என்று தெரிவது உண்மையான உச்சி இல்லை. ஏறிப்போனால் ஒரு மேடை, அதில் சில அறைகள், அதற்குப் பின்னால் இன்னொரு படிவரிசை. பலர் முதல் மேடையிலேயே படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பின்பக்கம் போங்கள். மேலே நின்றால் நாலாபுறமும் அடிவானம் வரை காடு; அதற்கு மேல் கட்டடம் 1 தலை நீட்டிக்கொண்டு நிற்கும்.

படிகளில் கைப்பிடியும் கயிறும் இல்லை. படியின் உயரம் ஒன்றுக்கொன்று மாறும், மழைக்குப் பின் சுண்ணாம்புக் கல் வழுக்கும். ஏறுவதைவிட இறங்குவது கடினம். நேராக இறங்காமல் குறுக்கே சாய்வாக, ஒரு கை மேல்படியில் பட இறங்குங்கள். கைப்பையோ தண்ணீர்க் குப்பியோ கையில் இருக்கக்கூடாது. இன்னொரு மாயா நகரமான சிச்சென் இட்சாவின் பிரமிடில் ஏறுவதை நிறுத்தி ஆண்டுகள் பல ஆகின்றன. கலக்முலில் ஏற விட்டுவந்திருக்கிறார்கள். பராமரிப்பு வேலை நடக்கும்போது சில கட்டடங்களுக்குக் கயிறு கட்டிவிடுவார்கள் என்பதால் முந்தைய இரவே கைடிடம் எது திறந்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

சந்தைக் காட்சிகள் தீட்டிய வண்ணச் சுவரோவியங்களை இணையத்தில் பார்த்துவிட்டு அதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. சீக் நாப் பகுதியின் அந்த ஓவியங்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. கல்லறைகளில் கிடைத்த பச்சைக்கல் முகமூடிகளும் இங்கே இல்லை. காம்பெச்சே நகரத்தின் சான் மிகெல் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வாசலில் நின்று கைடைக் குறை சொல்லிப் பயனில்லை.

தொடக்கூடாத மரம் ஒன்று: செசென். பட்டையில் தார் ஒழுகியதுபோல் கறுப்புக் கறை இருக்கும். நம் சேராங்கொட்டையின் குடும்பம்தான். பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். உடனே தெரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். சாயவும் கைப்பிடிக்கவும் மரத்தைத் தேடும் பழக்கம் உள்ளவர்கள் கவனியுங்கள். மழை நேரத்தில் அதன் அடியில் ஒதுங்கவும் கூடாது.

ஊளைக் குரங்குகளின் சத்தம் காலையில் கேட்கும்; முதல்முறை கேட்பவர்களுக்கு ஏதோ பெரிய மிருகம் என்று தோன்றும். சத்தம் பயமுறுத்தும், குரங்கு ஒன்றும் செய்யாது. சரியாக அதன் அடியில் நின்று அண்ணாந்து மட்டும் பார்க்காதீர்கள், மேலிருந்து என்ன விழும் என்று சொல்ல முடியாது. சிலந்திக் குரங்குகள் கிளையை ஒடித்து எறியும்.

யாராவது தனியாகப் பிரிந்துவிட்டால் எங்கே கூடுவது என்று வாசலிலேயே பேசி வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ‘போன் பண்ணு’ உதவாது. கட்டடம் 2-இன் முன்படி நல்ல அடையாளம்.

9. திரும்பும் வழி

பன்னிரண்டரைக்குள் வண்டியில் ஏறினால் இரண்டு மணிக்குக் கொனுவாஸில் சாப்பாடு. அதன்பின் இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளலாம், டூர் பேசும்போதே சொல்லியிருந்தால்.

ஒன்று பலாம்கூ இடிபாடுகள். கொனுவாஸுக்கு மேற்கே சில கிலோமீட்டரில், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. 1990-இல் கண்டெடுத்த சுதைச் சிற்ப வரிசை ஒரு இருட்டு அறைக்குள் பூட்டிப் பாதுகாக்கப்படுகிறது. காவலர்தான் திறந்து காட்டுவார். ஃபிளாஷ் போடக்கூடாது. தனி டிக்கெட், அரை மணி நேரம் போதும்.

இன்னொன்று வெளவால் குகை. கொனுவாஸுக்கும் ஷ்புஹிலுக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து சில நிமிட நடை. பொழுது சாயும் வேளையில் பெரும்பள்ளத்துக்குள்ளிருந்து லட்சக்கணக்கான வெளவால்கள் சுழன்று மேலெழும். டிசம்பரில் ஐந்தே கால் மணிக்கும் ஜூனில் ஆறே முக்கால் மணிக்கும் சுற்றி எதிர்பார்க்கலாம். வீச்சம் கடுமையாக இருக்கும். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், பள்ளத்துக்குள் இறங்காதீர்கள். எச்சத்தில் வளரும் பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கும். மழை பெய்தால் வெளவால் வெளியே வருவது தள்ளிப்போகும்.

10. எந்த மாதம், திட்டம் குலைந்தால் என்ன

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரல், மேயில் வெயில் கொளுத்தும், காட்டு எரிப்புப் புகையும் சேரும். உச்சியிலிருந்து தூரம் தெரியாது. ஆனால் தண்ணீர் வற்றுவதால் விலங்குகள் குட்டைகளைத் தேடி வரும், அதனால் விலங்கு பார்ப்பதற்கென்று இந்த மாதங்களில் வருகிறவர்களும் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் மழை வலுக்கும். சாலையில் மரம் விழுந்தால் அன்றைய டூர் அவ்வளவுதான்.

அப்படி ரத்தானால் அந்த நாளை வீணாக்க வேண்டாம். ஷ்புஹிலிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் பெக்கான், அதன் பக்கத்திலேயே சிக்கன்னா. இரண்டும் மாயா இடிபாடுகள்தான். டாக்சி போதும், அரை நாள் போதும். பெக்கானைச் சுற்றி அகழி ஓடுகிறது, உயரமான கட்டடங்களும் உண்டு. கூட்டம் கிடையாது. கலக்முலை மறுநாளைக்குத் தள்ளிவைக்க ஷ்புஹிலில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கும்படி திட்டமிட்டால் இன்னும் நல்லது.

அன்று இரவே ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள், காம்பெச்சே நேரம் எட்டரைக்கு முன் புறப்படும் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். வெளவால் குகை வரை பார்த்துவிட்டு ஷ்புஹில் வந்து சேர ஏழு, ஏழரை ஆகிவிடும். சாக்ஸைக் கழற்றி உண்ணி இருக்கிறதா என்று பார்க்கவும் குளிக்கவும் ஒரு மணி நேரம் வேண்டும். பையை வைத்துவிட்டுப் போன ஹோட்டலில் குளியலறை கேட்டால் சிறு தொகைக்குத் தருவார்கள், காலையில் கிளம்பும்போதே கேட்டு வையுங்கள்.